4கே படம் ஓடவில்லை என்பதற்காக கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் கட்டணம் செலுத்திப் பார்க்கும் படங்கள் கணினியில் 1080பி தரத்தைத் தாண்டுவதில்லை. கார்டு வாங்கி நான்கு ஆண்டுகளே ஆகின்றன. 4கே மானிட்டர் 2014-இல் வாங்கியது. பக்கத்தில் அதைவிடப் பழைய மானிட்டர் ஒன்றும் இணைப்பில் உள்ளது. படங்கள் நகலெடுக்கப்படாமல் காக்கும் வசதி உள்ள "எச்டிசிபி கார்டு" என்று ஒன்றை விற்பனையாளர் கூடுதல் விலைக்குப் பரிந்துரைக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். எச்டிசிபி கார்டு என்று தனியாக ஒரு இனமே இப்போது கிடையாது. 2016-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 10, ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 400 வரிசைகளிலேயே 4கே படங்களுக்குத் தேவையான எச்டிசிபி 2.2 பதிப்பு இருக்கிறது, உங்கள் கார்டிலும் அது இருக்கும். ஏற்கெனவே உள்ளதையே உங்களிடம் இரண்டாம் முறை விற்கப் பார்க்கிறார்கள்.

இன்டெல் வகுத்த இந்த எச்டிசிபி முறையில், படத்தை அனுப்புவதற்கு முன் கார்டு மானிட்டரிடம் அடையாளம் கேட்கும். மானிட்டருக்குள் இருக்கும் சில்லு உரிய ரகசியச் சாவியைக் கொண்டு பதில் சொன்னால்தான் படம் முழுத் தரத்தில் போகும். 4கே படங்களுக்குக் கேட்கப்படும் 2.2 பதிப்பு 2013-இல்தான் வெளியானது என்பதால், அடுத்த ஆண்டே விற்ற மானிட்டர்கள் பலவற்றில் 4கே திரை இருக்கும், 2.2 சில்லு இருக்காது. உங்களுடையதும் அந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்து இதைச் சரிசெய்ய முடியாது. தவிர, நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவை, கணினியில் செருகியுள்ள எல்லா மானிட்டர்களுமே 2.2 உள்ளவையாக இருக்க வேண்டும் என்கிறது; எனவே நீங்கள் படமே பார்க்காத அந்தப் பக்கத்து மானிட்டரும் தடையாகலாம்.

கார்டு வேண்டாம் என்றால் அடுத்து "எச்டிசிபி கேபிள்" என்பார்கள். சாதாரண கேபிளுக்குள் சாவியும் இல்லை, சில்லும் இல்லை. அது வெறும் கம்பி. ஆனால் இடையில் வைக்கும் ஸ்ப்ளிட்டர் (ஒரே படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்து அனுப்பும் கருவி), ஆடியோ ரிசீவர், டிஸ்பிளேபோர்ட் இணைப்பை எச்டிஎம்ஐ இணைப்பாக மாற்றும் அடாப்டர் ஆகியவை வேறு கதை: அவற்றில் ஒன்று பழையதானாலும் மொத்தத் தரமும் இறங்கிவிடும். "ரெடி" என்ற சொல்லையும் நம்பாதீர்கள். 2006 வாக்கில் "எச்டிசிபி ரெடி" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்ற கார்டுகள் பலவற்றில், சாவி இருக்க வேண்டிய சில்லையே பொருத்தாமல் விட்டிருந்தார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. 4கே புளூரே தட்டை அனுமதி பெற்ற மென்பொருளில் ஓட்ட விரும்பினால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் உதவாது. அதற்கு இன்டெல் பிராசஸரில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. படமும் பிராசஸரோடு வரும் உள்ளமை கிராபிக்ஸ் வழியாக, மதர்போர்டின் துளையிலிருந்தே மானிட்டருக்குப் போக வேண்டும். அந்த எஸ்ஜிஎக்ஸை 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸரிலிருந்து இன்டெல்லே நீக்கிவிட்டது. புதிய கணினி வாங்கியவர் தட்டைப் பார்க்க முடியாது, பழையதை வைத்திருப்பவர் பார்க்கலாம் என்றால் இதை என்னவென்று சொல்வது? இத்தனைக்கும், மற்றச் சாவிகளையெல்லாம் உருவாக்கும் மூலச் சாவி முதல் தலைமுறை எச்டிசிபியில் 2010-லேயே கசிந்துவிட்டது. திருட்டுப் பிரதி வைத்திருப்பவரை எந்தக் கார்டும் அடையாளம் கேட்பதில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது காசு கொடுத்து வாங்கியவர்தான்.

உங்கள் விஷயத்தில் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பழைய மானிட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, 4கே மானிட்டரை இடையில் எதுவும் இல்லாமல் நேரே கார்டில் செருகி, அந்தச் சேவையின் செயலியிலோ எட்ஜ் உலாவியிலோ படத்தை மறுபடி ஓட்டுங்கள். குரோமில் சில சேவைகள் 4கே தருவதே இல்லை. உங்கள் சந்தா 4கே தரத்துக்கானதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் 1080பி-யிலேயே நின்றால், மானிட்டரின் கையேட்டில் ஒவ்வொரு துளைக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அந்தக் காலத்துத் திரைகள் சிலவற்றில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் 2.2 கொடுத்திருப்பார்கள், நீங்கள் செருகியிருப்பது அடுத்த துளையாகவும் இருக்கலாம். எந்தத் துளைக்கும் இல்லையென்றால், கார்டுக்கு ஒதுக்கிய பணத்தை மானிட்டருக்குக் கொடுங்கள்.