ஓட்டையை அளந்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மரப் பேனா கடையப் பழக ஆசை. ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு ஒரு மினி லேத் (கடைசல் இயந்திரம்) பார்த்தேன். ஒரு ஏஜென்ட், லேத், உளிகள், பயிற்சி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்கிறார். செய்யும் பேனாக்களைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வாராம். மைத்துனர் பட்டறையில் இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றும் சும்மா கிடக்கிறது. எது சரி? (வாசகர், திருச்சி)

பதில்: முதல் இரண்டும் வேண்டாம். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன், அதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது.

அந்த 9,000 ரூபாய்ப் பொருளின் படத்தை உற்றுப் பாருங்கள். அலுமினியத் தண்டவாளம், அடாப்டரில் ஓடும் சின்ன டிசி மோட்டார். மாலைக்கு மணி உருட்ட அது போதும். காய்ந்த புளியங்கட்டையில் உளியை வைத்துச் சற்று அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கட்டை எதுவும் மாட்டாமல் வெறுமனே சுற்றும்போது வருகிற கணக்கு.

அதற்காகப் பெரிய லேத்துக்கும் போக வேண்டாம். பேனாவுக்குக் கடையும் கட்டை முக்கால் அங்குலச் சதுரம்தான். பத்து அங்குலக் கிண்ணம் கடையலாம், பன்னிரண்டு அங்குலத் தட்டு கடையலாம் என்று விற்பவர் அளந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே கிடைக்கும் நீளம் மட்டும் 14 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கட்டையில் துளை போடுவதையும் லேத்திலேயே செய்வீர்கள். கட்டையைக் கவ்வும் சக், கட்டை, ட்ரில் பிட் மூன்றும் வரிசையாக நிற்க இடம் வேண்டும். அரை எச்பி மோட்டார், 3,000 ஆர்பிஎம் வரை வேகம், வார்ப்பிரும்பு உடம்பு. போதும்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது ஓட்டையை. ஒரு பக்கம் சுழலும் ஸ்பிண்டில், எதிரே முன்னும் பின்னும் நகரும் தாங்கி, அதாவது டெயில்ஸ்டாக். இரண்டிலும் உள்ளே போகப் போகக் குறுகும் துளை இருக்கும். மோர்ஸ் டேப்பர் என்பார்கள். அதன் சரிவுக் கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். துளையின் வாய் 18 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் அது இரண்டாம் நம்பர். 12 மி.மீ. என்றால் ஒன்றாம் நம்பர். இரண்டு பக்கமும் இரண்டாம் நம்பர் இருக்கிற லேத்தையே வாங்குங்கள். பேனாக் கட்டையைக் கோத்துச் சுழற்றும் மாண்ட்ரல், கட்டையோடு சேர்ந்து சுழலும் கூர்முனையான லைவ் சென்டர், ட்ரில் சக் எல்லாம் அந்த அளவில் சுலபமாகக் கிடைக்கும். ஒன்றாம் நம்பரிலும் வேலை ஓடும் என்று யாராவது சொல்வார்கள். விடுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. இரண்டு பக்கமும் கூர்முனை சென்டரைச் செருகி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி முனைகளை முட்ட விடுங்கள். ஊசியும் ஊசியும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். விலகி நின்றால் மாண்ட்ரல் வளையும், பேனாவின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும், மெலிந்த பக்கம் உள்ளேயிருக்கும் பித்தளைக் குழாய் எட்டிப்பார்க்கும். "ஓட ஓடச் சரியாயிடும் சார்" என்பார் கடைக்காரர். ஆகாது. முனை சரியாகச் சேர்ந்த லேத்திலும் பேனா கோணலாக வந்தால் குற்றம் உங்கள் கையில். மாண்ட்ரல் கால் அங்குலப் பருமன்கூட இல்லாத கம்பி. டெயில்ஸ்டாக்கை முறுக்கி இறுக்கினால் வில்லாக வளைந்துவிடும்.

இப்போது ஏஜென்ட். பாக்குமட்டைத் தட்டு, ஊதுபத்தி, காகிதக் கப் என்று ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு மெஷினை வைத்து ஓடிய அதே நாடகம்தான், இந்த முறை பேனா. திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்பவரின் லாபம் பேனாவில் இல்லை, உங்கள் 85,000-இல் இருக்கிறது. முதல் ஐம்பது பேனாவைக் கொண்டுபோனால் பாலிஷ் சரியில்லை என்று நாற்பதைத் தள்ளுவார். மீதிக்குக் கொடுக்கும் பணத்தையும் நிப், கிளிப், குழாய் செட்டைத் தன்னிடமே வாங்கச் சொல்லி எடுத்துக்கொள்வார். எழுதித் தருவாரா என்று கேளுங்கள். தந்தாலும் "தரம் திருப்தியாக இருந்தால்" என்று ஒரு வரி உள்ளே இருக்கும். நானும் பட்டவன்தான். வெளிநாட்டு லேத் என்று ஒருவரிடம் முன்பணம் கட்டி வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால் மோட்டார் 110 வோல்ட். நம் வீட்டில் 230. மோட்டாரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

மானியக் கடன் இருக்கிறதே என்று அவர் ஆசை காட்டுவார். கடனுக்குப் போனால் கொட்டேஷன் கேட்பார்கள். கொட்டேஷன் தருவது யார்? அவரேதான். மானியம் எவ்வளவோ அவ்வளவை விலையில் ஏற்றித் தருவார். வங்கியில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முத்திரையைப் பார்ப்பாரே தவிர, ஸ்பிண்டிலில் எந்த நம்பர் துளை என்று கேட்கப்போவதில்லை. திட்ட அறிக்கையில் பத்துப் பக்கம் எழுதச் சொல்கிறார்கள், மெஷின் உருப்படியா என்பதைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

சரி, மைத்துனர் லேத்துக்கு வருகிறேன். மரத்துக்கு இரும்பு லேத் ஆகாது என்பதுதான் என் பொதுவான பதில். ஆனால் உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. நாலரை அடி, ஆறடிப் பழைய லேத்துகள் பெரும்பாலும் 1,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் பென்சிலைவிடச் சற்றுப் பருமனான கட்டையில் கையால் உளி பிடித்தால் நார் பிய்ந்து வரும். லேத்தில் டூலைப் பிடிக்கும் டூல்போஸ்டில் நன்றாகத் தீட்டிய டூலை மாட்டி, மெல்லிய வெட்டாக நகர்த்தினால் ஓரளவு வழவழப்பு வரும். மீதியை உப்புத்தாளில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நேர்க்கோட்டுப் பேனாதான் கிடைக்கும், உளியால் நெளிவு கொடுக்கிற சுகம் கிடையாது. மரத்தூள் எண்ணெயைக் குடித்துத் தண்டவாளத்தில் பசை மாதிரி அப்பும். தினமும் துடைத்து மறுபடி எண்ணெய் போடாவிட்டால் மைத்துனர் முகத்தில் விழிக்க முடியாது. துளையும் மூன்றாம் நம்பரோ அதைவிடப் பெரிதோ இருக்கும், குறைக்கும் ஸ்லீவ் வேண்டும். எபோனைட் (கெட்டி ரப்பர்), அக்ரிலிக் பேனா என்றால் கதையே வேறு. அவற்றுக்கு அந்த வேகமே போதும், தாராளமாகக் கடையலாம். நீங்கள் கேட்டது மரம். ஆகவே இரண்டு மாதம் அதில் கை பழகுங்கள், ஆசை நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு மர லேத் வாங்குங்கள். எந்த லேத்தானாலும் தோளில் துண்டோடு அதன் முன்னால் நிற்காதீர்கள். கையுறையும் கூடாது.

வாங்கக் கிளம்பும் அன்று துளையின் வாயை அளக்க மைத்துனரிடம் வெர்னியர் காலிப்பரை இரவல் கேட்டு எடுத்துப் போங்கள். கடையில் கேட்டால் ஸ்கேலைத்தான் நீட்டுவார்கள்.