மூவாயிரம் கொடுத்தால் நாயைக் கொண்டுபோய் விடுவார்களா?

கேள்வி: குன்னூரில் வெலிங்டன் போகும் வழியில் குடியிருக்கிறோம். எங்கள் சந்தில் திரியும் பெண் நாய் ஒன்று விறகுக் கொட்டகைக்குள் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் இப்போதுதான் கண் திறந்திருக்கின்றன. யாராவது பக்கத்தில் போனால் தாய் உறுமுகிறது. பேரனை ஒருமுறை துரத்திவிட்டது. நகராட்சியில் சொன்னால் காப்பகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள், காப்பகத்தில் இடமில்லை என்கிறார்கள். வேன் வைத்திருக்கும் ஒருவர் மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா டாக்டர்? எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றால் காப்பகம் எதற்கு? (வாசகி, குன்னூர்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

இந்த மாதிரி வேன்காரர்களை மலையில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆள் மாறும், பேச்சு மாறாது. கீழே பெரிய இடம் இருக்கிறது, தனிக் கூண்டு, வேளாவேளைக்குச் சோறு என்பார். என்ன பெயர், எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், "சொன்னா உங்களுக்குத் தெரியாதுங்கம்மா" என்பார். அங்கே இருப்பவரிடம் போனில் பேசலாமா என்றால், அந்த மனிதர் எப்போதும் வெளியூர் போயிருப்பார். ரசீது கேட்டால் உடனே ஐந்நூறு குறைத்துக்கொள்வார். பணம் கைமாறியதும் தாய் சாக்குக்குள் போகும், குட்டிகள் அட்டைப்பெட்டிக்குள் போகும். பர்லியார் வருவதற்குள் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். வேலை முடிந்தது. மேட்டுப்பாளையம் வரை டீசல் போட்டுக்கொண்டு போக அவருக்கு என்ன தலையெழுத்தா?

கோத்தகிரி நாய்கள் குஞ்சப்பனைப் பக்கம் இறங்குகின்றன, ஊட்டி நாய்கள் கல்லட்டி இறக்கத்தில். இருட்டில், தெரியாத காட்டில், பால் கட்டிய மடியோடு ஒரு நாய் எவ்வளவு தூரம் ஓடும்? சிறுத்தைக்கு அது சிரமமே இல்லாத இரை. தப்பித்துக் காட்டோரம் தங்கிவிடுகிற நாயாலும் வில்லங்கம்தான். நம் தெரு நாய்களிடம் இருக்கும் டிஸ்டெம்பர் நோய் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் தொற்றக்கூடியது.

சட்டம் இல்லாமல் இல்லை. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும் என்று தெரிந்தும் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஐம்பதை உயர்த்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வேன்காரர் அந்த ஐம்பதைக் கட்டிவிட்டு மீதி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதோடு போய்விடுவார்.

உண்மையிலேயே நாயைச் சேர்த்துக்கொள்கிற இடம் உங்களோடு நேரில் பேசும், நாயின் படம் கேட்கும், படிவத்தில் கையெழுத்து வாங்கும், பிறகு வந்து பார்க்கலாம் என்று சொல்லும். நடுவில் ஓர் ஆள் நின்று பணம் வாங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சரி, காப்பகம் எதற்கு? உங்கள் கோபம் நியாயம்தான். பத்துக் கூண்டு உள்ள ஒரு காப்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவருகிற நாயையெல்லாம் ஆயுளுக்கும் வைத்துக்கொண்டால் பதினோராவது நாய்க்குக் கதவை மூட வேண்டியதுதான். அதே பத்துக் கூண்டில் வாராவாரம் நாய்களை மாற்றினால் ஒரு வருஷத்தில் ஐந்நூறு நாய்களுக்குக் கருத்தடை முடிந்துவிடும். அதனால்தான் இடமில்லை என்கிறார்கள். குடிவைக்க இடமில்லை என்று அர்த்தம். கருத்தடைக்கு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு, வண்டியில் அடிபட்ட நாய்க்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும். 1962க்கு அழைத்தால் வருகிற கால்நடை ஆம்புலன்ஸை நாய் பிடிக்கக் கூப்பிடாதீர்கள். அது ஆடு மாடு வளர்ப்பவர்களுக்காக ஓடும் வண்டி.

நாயை வேறு ஊரில் கொண்டுபோய் விடக் காப்பகத்துக்கும் அதிகாரம் கிடையாது, நகராட்சிக்கும் கிடையாது. 2023ல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த தெரு நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் வி வடிவில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று அடையாளம். பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் வளாகங்களுக்கு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் சந்துக்கு அது பொருந்தாது. இதையெல்லாம் நடத்த வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்குத்தான், காப்பகம் அதற்குக் கை கொடுக்கிற இடம். "காப்பகத்தைக் கேளுங்கள்" என்று போனை வைத்த அந்த அலுவலர் தன் மேஜை வேலையைத்தான் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

இங்கே எனக்குப் பொறுமை போய்விடும். உதகையில் வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் பயிற்சி மையத்துக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கால்நடை மருத்துவர்கள் வந்து நாய்க் கருத்தடை அறுவை சிகிச்சை பழகிப் போகிறார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில், பக்கத்து உள்ளாட்சிகளில் டெண்டர் வரவில்லை, நாய் பிடிக்க ஆளில்லை, வண்டி டயர் சரியில்லை என்று கோப்பு தூங்குகிறது.

இப்போது உங்கள் நாய்க்கு வருவோம். இன்றைக்கே காப்பகத்து வண்டி வாசலில் வந்து நின்றாலும், ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். கருத்தடைக்கு உடனே அனுப்பு என்று எல்லோரிடமும் சொல்கிற நான் உங்களிடம் மட்டும் பொறுங்கள் என்பதற்குக் காரணம், அது பால் கொடுக்கும் தாய்.

கண் திறந்திருக்கிறது என்றால் குட்டிகளுக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். இன்னும் பால்தான் உணவு. தாயின் சூடுதான் கம்பளி. குன்னூர்க் குளிரில், அதுவும் ஈரமான கொட்டகையில், தாய் ஒரு இரவு இல்லையென்றால் குட்டிகள் விறைத்துப்போகும். தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தால் நாலைந்து நாள் கூண்டில் இருக்க வேண்டும், அதற்குள் இங்கே கதை முடிந்துவிடும். குட்டிகளையும் சேர்த்து அனுப்பினால் என்ன என்பீர்கள். பால் சுரக்கிற வயிற்றில் ஆபரேஷன் செய்வது மருத்துவருக்கும் சங்கடம், நாய்க்கும் சங்கடம். ரத்த ஓட்டம் அதிகம், கத்தி பட்ட இடத்தில் பால் கசியும், குட்டிகள் முட்டி முட்டிக் குடிக்கையில் தையல் பிரியும். குட்டிகளை மட்டும் எடுத்துவிட்டாலோ பால் கட்டி மடி கல்லாகிவிடும், தொட்டால் கடிக்கும், காய்ச்சல் வரும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. ஐந்து பச்சைக் குட்டிகளுக்கு ஊரிலேயே ஆபத்தான இடம் எதுவென்றால் காப்பகம்தான். அங்கே இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. பல தெருக்களின் நாய்கள் வந்துபோகும் இடத்தில் பார்வோ கிருமியும் வந்துபோகும். அது மண்ணிலும் சிமென்ட் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பிடித்தால் வாந்தி, ரத்தப் பேதி, ஓரிரு நாளில் முடிந்துவிடும். தாய் செத்துப் போன குட்டிகளைக்கூட நல்ல காப்பகங்கள் வீட்டில் வைத்துப் பால் கொடுக்க ஆள் தேடுவது இதனால்தான். தாய் நன்றாக இருக்கும்போது உங்கள் விறகுக் கொட்டகையே தேவலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. தாய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டால், பின்பக்கம் நாற்றத்தோடு சீழ் வடிந்தால், உள்ளே குட்டி தங்கியிருக்கலாம், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போது பால் கொடுக்கிறது, குட்டி இருக்கிறது என்ற பேச்செல்லாம் இல்லை.

மூன்று நான்கு வாரத்தில் குட்டிகள் தட்டை நக்க ஆரம்பிக்கும். எட்டு வாரத்தில் பால் மறந்திருக்கும். அதற்கப்புறம் இரண்டு வாரம் விட்டு மடியைப் பாருங்கள். தொங்கல் வற்றி, காம்பு சுருங்கியிருந்தால் ஆபரேஷனுக்குத் தயார். மிகவும் தள்ளிப்போடாதீர்கள், அடுத்த பருவம் வந்துவிட்டால் இன்னொரு ஐந்து.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம், மனு போடுங்கள். முதலில் உங்கள் வீடு யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்று வீட்டுவரி ரசீதைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் குன்னூர் நகராட்சி ஒன்று, வெலிங்டன் கன்டோன்மென்ட் ஒன்று, கொஞ்சம் தள்ளினால் ஜெகதளா பேரூராட்சி. நாய்க்கு எல்லை தெரியாது, கிளார்க்குக்கு நன்றாகத் தெரியும். தப்பான அலுவலகத்தில் கொடுத்த மனு ஒரு மாதம் கழித்து உங்களிடமே திரும்பி வரும்.

மனுவில் என்ன எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். "நாய்த் தொல்லை, அகற்றவும்" என்று எழுதாதீர்கள். அகற்றச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். "கீழ்க்கண்ட அடையாளமுள்ள பெண் நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடக் கோருகிறேன்" என்று எழுதுங்கள். நிறம், வாலில் வெள்ளை, எந்தக் காலில் தழும்பு, எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்பதெல்லாம் சேருங்கள். தெருவில் நாலு பேர் கையெழுத்து வாங்குங்கள். மனு எண் வாங்காமல் நகராதீர்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணோடு திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.

நாய் பிடிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பாதிக் காரணம் நாய் அந்த நேரத்தில் அங்கே இருக்காது என்பதுதான். நீங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே தட்டில் சோறு வைத்துப் பழக்கினால் பிடிப்பது சுலபம். பிடிக்க வரும் நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் ஒன்றும் போடாதீர்கள், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். தட்டை மிச்சத்தோடு வெளியே விட்டுவைக்கக் கூடாது. கறிக்கடைக் கழிவும் மிச்சச் சோறும் சந்தில் கிடந்தால் வேறு நாய் வரும், காட்டுப்பன்றி வரும், கரடியே வந்து நிற்கும்.

பேரன் விஷயம். குட்டி பெரிதாகும்வரை கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். அது வெறி இல்லை, தாய். அப்படியும் பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைக்காதீர்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற காலமெல்லாம் போய்விட்டது. 1907லிருந்து பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் இருக்கும் குன்னூரிலேயே அந்தப் பயத்தில் ஊசியைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது கையில்தான் ஊசி, கடிபட்ட அன்று, 3, 7, 28ஆம் நாட்களில், இலவசமாக. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, குட்டிகள். ஆறாவது வாரம் வாக்கில் இன்னொரு ஆள் வருவார். "நல்ல வீட்டுல சேர்த்துவிடறேன்" என்பார். முடி அடர்ந்த குட்டியை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய், சீசனில் டூரிஸ்டுக்கு மலை நாய் என்று விற்பார், மீதியை மார்க்கெட் பக்கம் விட்டுவிடுவார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017லேயே நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வந்தாயிற்று. அவர் படித்திருக்க மாட்டார். குட்டி கேட்டு வருகிறவர்களிடம் நீங்களே பேசுங்கள், அவர்கள் வீட்டைப் போய்ப் பாருங்கள். எஸ்டேட் லைனிலும் நல்ல மனிதர்கள் கேட்பார்கள், அவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எட்டு வாரத்துக்குள் பூச்சி மருந்தும் முதல் பார்வோ தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசியும் போட வேண்டும். பையோடு வீட்டுக்கு வீடு வந்து ஊசி போடுகிறவர்களிடம் போடாதீர்கள். ஐஸ் இல்லாத பையில் நாள் முழுக்கச் சுற்றிய மருந்து வெறும் தண்ணீர்தான்.

வருகிறவர்கள் ஆண் குட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பெண் குட்டிகள் உங்கள் கொட்டகையிலேயே தங்கும். அவை தங்கிவிட்டால் பயப்படாதீர்கள். ஆறு மாதம் ஆனதும் தாய்க்குப் போட்டது போலவே அவற்றுக்கும் தனித்தனியாக ஒரு மனு.