பழைய அகூஸ்டிக் கிட்டாரின் ஒலி புதியதிலிருந்து ஏன் வேறுபடுகிறது?

பழைய கிட்டாரின் ஒலி 'திறந்திருக்கிறது' என்பார்கள். அதாவது, விரல் பட்டதும் சட்டென்று எழுந்து, கொஞ்சம் கதகதப்பாக நீடிக்கும். புதியது பெரும்பாலும் சற்று இறுக்கமாகக் கேட்கும்.

முக்கியக் காரணம் மேற்பலகை. சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த அந்தப் பலகைதான் கம்பியின் அதிர்வை நம் காதுக்கு எட்டும் ஒலியாக்குகிறது. மரத்துக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு பொருள் உண்டு. ஆண்டுகள் போகப்போக அது மெல்லச் சிதைகிறது, பிசினும் கெட்டிப்படுகிறது. விறைப்பு அவ்வளவாகக் குறையாமல் எடை குறைவதால் பலகை எளிதாக அதிர்கிறது. மழையில் ஊறிய மரக்கதவைத் தட்டிப் பாருங்கள்: 'தொப்'. வெயிலில் காய்ந்தபின் அதே கதவு 'டங்' என்னும்.

இதை அவசரமாகச் செய்யும் வழியும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சூளையில் பலகையை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். 'டாரிஃபைட்' என்று விற்பது அதுதான்.

சரி, ஒப்பிடும் முன் இரண்டிலும் ஒரே ரகப் புதுக் கம்பியை மாட்டுங்கள். துருப்பிடித்த கம்பியின் மந்த ஒலியைப் 'பழமையின் இனிமை' என்று ரசித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்!

அப்புறம், வயதானாலே எல்லாக் கிட்டாரும் இனிமையாகிவிடாது: பிளைவுட் மேற்பலகை கொண்டது 40 ஆண்டு கழித்தும் பெரிதாக மாறியிருக்காது.