ஜில்லியன் வெல்ச்சின் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு கிதார், இரண்டு குரல். பெரும்பாலான பாட்டுகளில் அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜில்லியன் வெல்ச்சும், அவரோடு சேர்ந்து எழுதிப் பாடும் டேவிட் ராலிங்ஸும்தான் அந்த இருவர்.

வெல்ச் லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவர். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் ராலிங்ஸைச் சந்தித்தார். 1996-இல் முதல் ஆல்பம் 'ரிவைவல்' வந்தபோது, நகரத்துப் பெண்ணுக்கு மலையடிவார ஏழைகளின் பாட்டு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே தவறாகப் படுகிறது. பாட்டு யாருடையது என்பதை அதைப் பாடும் விதம்தான் சொல்லும்.

ராலிங்ஸ் வாசிப்பது 1935-ஆம் ஆண்டு எபிஃபோன் ஒலிம்பிக் கிதார். அந்தக் காலத்தில் மலிவு விலையில் விற்ற சின்னக் கருவி. வெல்ச் நிதானமாகப் பாடிக்கொண்டே போக, அதன் மெல்லிய, கூர்மையான ஒலி குரலுக்கு நடுவே இழையோடும். 2001-இல் வந்த 'டைம்: தி ரெவலேட்டர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 14 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அவசரமே இல்லை. இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், 2003-க்குப் பிறகு எட்டு வருடம் வெல்ச் பெயரில் ஆல்பமே வரவில்லை. எழுதியது திருப்தி தராததால் காத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க நகரமான நாஷ்வில்லைத் தாக்கிய சூறாவளி அவர்களுடைய ஸ்டுடியோவின் கூரையைப் பிய்த்தெறிந்தது. இருட்டிலும் மழையிலும் ஒலிநாடாக்களைத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள். 2024-இல் வந்த ஆல்பத்துக்கு அந்த ஸ்டுடியோவின் பெயரையே வைத்தார்கள்: 'உட்லண்ட்'.