பதினான்காம் லூயியும் டச்சுக்காரர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆட்சி பற்றியும் அவருடைய டச்சுப் போட்டியாளர்கள் பற்றியும் வந்த கடிதங்களில், பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை எழுதுங்கள் என்று மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன். 1655-இன் பிரான்சு வேறு, 1695-இன் பிரான்சு வேறு.

"நானே அரசு" என்று லூயி எந்த இடத்தில் சொன்னார்? (போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை)

சொன்னதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. 1655-இல் பாரிஸ் பார்லமான் என்னும் உயர்நீதிமன்றத்தில் சொன்னதாகப் பிற்காலத்தில் வழங்கத் தொடங்கிய கதை அது. அப்போது அவருக்கு வயது 16. நாட்டை நடத்தியவர் கர்தினால் மசரான். தேர்வில் கேட்டால் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வணிகவாதம் (mercantilism) என்ற பொருளாதாரக் கொள்கை தங்கத்தைக் குவித்து வைப்பதுதானே? லூயியின் நிதியமைச்சர் கோல்பேர் போன்ற திறமைசாலிக்கு அதிலுள்ள தவறு புரியவில்லையா? (கோயம்புத்தூர்)

தங்கத்தைப் பூட்டி வைத்து அழகு பார்ப்பது கோல்பேரின் நோக்கமன்று. அரசனின் வரி நாணயமாக வர வேண்டும், நாணயம் ஊருக்குள் புழங்கினால்தான் குடியானவன் வரி கட்ட முடியும், பிரான்சில் வெள்ளிச் சுரங்கம் சொல்லும்படியாக இல்லாததால் வெளிநாட்டு வணிகத்தின் வழியாகத்தான் அது வந்தாக வேண்டும் என்பதே அவர் போட்ட கணக்கு. அவருடைய உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. உலக வணிகத்தின் அளவு மாறாதது என்று அவர் நம்பினார். பந்தியில் ஒருவர் இலையில் சோறு கூடினால் அடுத்தவர் இலையில் குறைந்தாக வேண்டும் என்பது போல. ஐரோப்பாவின் வணிகத்தைச் சுமார் 20,000 கப்பல்கள் நடத்துகின்றன, அவற்றில் 15,000-க்கு மேல் டச்சுக்காரர்களுடையவை, பிரான்சுக்கோ 500 அல்லது 600 மட்டுமே என்று 1669-இல் அவர் எழுதினார். எண்கள் மிகைப்பட்டவை; ஆனால் அவற்றை நம்பி ஓர் அரசு நடந்துகொண்டது என்பதுதான் முக்கியம். 1664-இல் ஒரு சுங்க அட்டவணை, 1667-இல் டச்சு, ஆங்கிலத் துணிகளின் மீது ஏறத்தாழ இரு மடங்கு சுங்கம், 1665-இல் அபவில் நகரில் நெய்வதற்கு வான் ரோபே என்ற டச்சுத் துணி உற்பத்தியாளரையே வரவழைத்தது, கண்ணாடி செய்ய வெனிஸின் முரானோத் தீவிலிருந்து கைவினைஞர்களை ஆசை காட்டி அழைத்து வந்தது எல்லாம் அந்தக் கணக்கின் விளைவுகளே.

இரண்டாம் சார்லஸ் 1651-இல் கப்பல் போக்குவரத்துச் சட்டத்தைக் கொண்டுவந்து டச்சுக் குடியரசைத் தாக்கியது முடியாட்சிக்கே உரிய பகையால்தானே? (முதுகலை மாணவர், திருச்சி)

முதுகலை மாணவர் இப்படி எழுதலாகாது. 1649-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. 1651-இல் இங்கிலாந்தே ஒரு குடியரசு. இரண்டாம் சார்லஸ் அந்த ஆண்டின் செப்டம்பரில் உஸ்டர் போரில் தோற்று, பிரான்சுக்குத் தப்பியோடியவர். ஆண்டைப் பாருங்கள், அந்த ஆண்டில் ஆட்சியில் இருந்தவர் யார் என்று பாருங்கள் என்று நான் எழுதாத மாதமே இல்லை.

நடந்தது உங்கள் ஊகத்துக்கு நேர்மாறானது. 1651-இன் தொடக்கத்தில் ஆங்கிலத் தூதர்கள் ஹேக் நகருக்குச் சென்று, இரு புராட்டஸ்டண்ட் குடியரசுகளும் நெருங்கி இணைய வேண்டும் என்று பேசிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், டச்சுக் கப்பல்கள் பிற நாட்டுச் சரக்கை இங்கிலாந்துக்கு ஏற்றிவருவதைத் தடுக்கும் இந்தச் சட்டம் வந்தது. மறு ஆண்டு இரு குடியரசுகளும் கடலில் போரிட்டன. சரக்கையும் கட்டணத்தையும் பற்றிய தகராறு என்று வந்தபோது ஆட்சிமுறையின் ஒற்றுமை எவரையும் தடுக்கவில்லை. 1660-இல் மன்னராகத் திரும்பி வந்த இரண்டாம் சார்லஸ், குடியரசின் மற்றச் சட்டங்களைச் செல்லாதவை என ஒதுக்கியபோதும், இந்தச் சட்டத்தை மட்டும் புதுப்பித்து இன்னும் இறுக்கினார்.

வரம்பற்ற மன்னர் என்றால் பிரபுக்கள் மீதும் வரி போட்டிருக்கலாமே, லூயி ஏன் போடவில்லை? (பலர்)

"வரம்பற்ற" என்றதும் மன்னர் கையசைத்தால் எதுவும் நடக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம். மனிதர் எவருக்கும் சட்டப்படி கணக்குச் சொல்லக் கடமைப்படாதவர் என்பதே அந்தக் கோட்பாடு. நடைமுறையில் அவர் தம் முன்னோர் விற்றும் வழங்கியும் வைத்த சலுகைகளின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

பதவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி, வரிக் கணக்கர் போன்ற ஆயிரக்கணக்கான பதவிகளை அரசே விலைக்கு விற்றிருந்தது. 1604 முதல் ஆண்டுதோறும் பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கைக் கட்டுபவர் அதைத் தம் மகனுக்கு விட்டுச்செல்லலாம். அப்படி வாங்கியவரை விலக்க வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கருவூலத்திலோ பணம் இருந்ததில்லை. மன்னர் நினைத்தால் அனுப்பவும் திரும்ப அழைக்கவும் முடிந்த மாகாண ஆணையர்கள் முப்பது பேர் அளவில்தான் இருந்தார்கள்.

உப்பு வரியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1680-ஆம் ஆண்டு ஆணைப்படி, பாரிஸைச் சூழ்ந்த மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு பவுண்டு உப்பை அரசுக் கிடங்கிலிருந்து வாங்கியே தீர வேண்டும். அந்த உப்பு அடுப்புப் பானைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டுமே. பன்றியிறைச்சியை உப்பிட்டு வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வாங்க வேண்டும். எல்லை தாண்டினால் பிரித்தானி மாகாணத்தில் இந்த வரியே கிடையாது. விலை இருபதில் ஒரு பங்குகூட இராது. இரு பக்கமும் ஒரே மன்னரின் குடிகள்தாம். கடத்தியவன் பிடிபட்டால் அரசின் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை காத்திருந்தது. அப்படியும் நாய்களைப் பழக்கி அவற்றின் முதுகில் உப்பைக் கட்டி அனுப்பினார்கள். 1532-இல் பிரான்சோடு இணைந்தபோது பிரித்தானி காப்பாற்றிக்கொண்ட உரிமைகளை, வெர்சாய் அரண்மனையைக் கட்டிய மன்னராலும் துடைத்தெறிய முடியவில்லை. 1672-இல் தொடங்கிய டச்சுப் போரின் செலவுக்காக முத்திரைத் தாள், புகையிலை ஆகியவற்றின் மீது புது வரிகளை விதித்தபோது, 1675-இல் அந்த மாகாணமே கலகத்தில் எழுந்தது. படை அனுப்பிக் கொடுமையாக அடக்கினார்கள் என்பது உண்மை. உப்புச் சலுகை அதன் பிறகும் நீடித்தது என்பதும் உண்மை.

இனி, பிரபுக்கள் மீது வரியே போடவில்லை என்பதும் தவறு. தாய் (taille) என்ற பழைய நேர்வரியிலிருந்து அவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் தெற்கே லாங்தாக் போன்ற இடங்களில் வரி நிலத்தைப் பொறுத்ததாகையால், குடியானவர் நிலத்தை வாங்கிய பிரபுவும் கட்டத்தான் வேண்டும். 1695-இல் வந்த தலைவரி நாட்டு மக்களை 22 வகுப்புகளாகப் பிரித்துப் பட்டத்து இளவரசர் மீதே 2,000 லிவ்ர் (பிரெஞ்சு நாணயம்) விதித்தது. 1710-இல் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வரி சேர்ந்தது. திருச்சபை மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து விலகிக்கொண்டது. ஆகவே கேள்வியை ஆண்டோடு கேளுங்கள். 1670-ஐப் பற்றியானால் உங்கள் ஐயம் பெருமளவு சரி. 1710-ஐப் பற்றியானால் சரியன்று.

டச்சுக் குடியரசு மக்களாட்சியா? (கல்லூரி மாணவி, யாழ்ப்பாணம்)

இல்லை. ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்தில் 36 பேர். வாழ்நாள் முழுதும் பதவி. ஓரிடம் காலியானால் மீதமுள்ளவர்களே ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொன்று, உங்கள் கடிதம் முழுவதிலும் "ஹாலந்து" என்றே எழுதியிருக்கிறீர்கள். ஹாலந்து ஏழு மாகாணங்களில் ஒன்று. பொதுச் செலவில் பாதிக்கு மேல், சுமார் 58 விழுக்காட்டை, அது கொடுத்ததால் மற்ற ஆறும் அதன் நிழலில் மறைந்து போயின.

1672-இல் லூயி டச்சு நாட்டின் மீது படையெடுத்தது சுங்கத் தகராறுக்காகவா, மன்னரின் கௌரவத்துக்காகவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

இரண்டும் பிணைந்தே இருந்தன என்பதற்கு அந்த ஆண்டின் சமாதானப் பேச்சே சாட்சி. லட்சத்துக்கும் மேற்பட்ட படை ரைன் ஆற்றைக் கடந்து உத்ரெக்ட் வரை வந்துவிட்டது. டச்சுக்காரர்கள் மதகுகளைத் திறந்து ஹாலந்தின் எல்லையில் தாழ்நிலங்களை நீரில் மூழ்கடித்ததால்தான் படை நின்றது. ஒரு கோடி கில்டரும் (டச்சு நாணயம்) தெற்கிலுள்ள எல்லை நிலங்களும் தருவதாக அவர்கள் சொன்னார்கள். லூயி தரப்பு அதற்கு மேல் கேட்டது: பிரெஞ்சுச் சரக்குகளின் மீதான டச்சுத் தடைகள் நீங்க வேண்டும், அத்துடன் ஆண்டுதோறும் ஒரு தூதுக்குழு தங்கப் பதக்கத்தோடு வந்து மன்னருக்கு நன்றி தெரிவிக்க வேண்டும். சுங்கமும் கௌரவமும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பேச்சு முறிந்தது. ஆகஸ்டு 20-ஆம் நாள் குடியரசின் தலைமை அமைச்சர் போலிருந்த யோகன் டி விட்டையும் அவருடைய அண்ணனையும் ஹேக் நகரில் கூட்டம் அடித்துக் கொன்றது. ஆரஞ்சு இளவரசர் வில்லியம் மேலெழுந்தார். 1678-இன் நைமேகன் உடன்படிக்கையில் பிரான்சு நிலம் பெற்றது, ஆனால் அதை ஸ்பெயினிடமிருந்தே பெற்றது. டச்சுக்காரர்களுக்கோ 1667-இன் சுங்கத்தை விலக்கிக்கொடுக்க வேண்டியதாயிற்று. கோல்பேர் அப்போது உயிரோடு இருந்தார்.

வரம்பற்ற முடியாட்சியை எழுத்தில் சட்டமாக்கிய நாடு உண்டா? (சேலம்)

டென்மார்க், 1665.

இந்தப் போர் நம் கரைக்கு வந்ததா? (சென்னை)

வந்தது. 1672 ஜூலையில் டி லா ஆயே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை, கோல்கொண்டா சுல்தானின் கையிலிருந்த சாந்தோமைப் பிடித்தது. அதற்கு முன் திருகோணமலை விரிகுடாவில் காலூன்றப் பார்த்து டச்சுக்காரர்களிடம் ஆட்களையும் கப்பல்களையும் இழந்திருந்தது. கோல்கொண்டாப் படை நிலத்திலும் டச்சுக் கப்பல்கள் கடலிலும் வளைத்துக்கொள்ள, 1674 செப்டம்பரில் சாந்தோம் பணிந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறியிருந்தார். அந்தப் புதுச்சேரியையும் டச்சுக்காரர்கள் 1693-இல் பிடித்தார்கள். ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள்.