கணினி கேள்வி பதில்: இரண்டு லைன் இருந்தும் ஒன்றுதான் ஓடுகிறது

கேள்வி: வணக்கம் ஐயா. ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அலுவலகக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்துதான் எல்லா வேலையும். என் கணவர் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்ததை இதே கணினியிலிருந்துதான் கிளவுடில் ஏற்றுகிறார். அவர் ஏற்ற ஆரம்பித்தால் போதும், என் திரை இழுத்து இழுத்து நகர்கிறது. பைபர் லைன் போதவில்லை என்று 5ஜி மோடம் ஒன்றும் வாங்கினோம். பைபரைக் கேபிளிலும் மோடத்தை வைஃபையிலும் இணைத்தாகிவிட்டது. ஒரு மாற்றமும் இல்லை. "ரெண்டும் சேர்ந்து ஓடும்" என்றுதான் கடைக்காரர் சொன்னார். என் தம்பி சொன்னபடி, தரவு எந்த வழியாகப் போகிறது என்று பட்டியல் காட்டும் ரூட் பிரிண்ட் கட்டளையை அடித்து, திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, பிறை

பதில்: படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று அம்மா. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பட்டியலின் மேலே 0.0.0.0 என்று தொடங்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். தனியாக வழி சொல்லப்படாத எல்லாம் இந்த வரிப்படிதான் வெளியே போகும். வரியின் கடைசியில் மெட்ரிக் என்று ஓர் எண் இருக்கும். உங்கள் கேபிளுக்கு 25, வைஃபைக்கு 50. எண் குறைந்தவருக்குத்தான் முதல் மரியாதை. கேபிள் செருகியிருக்கும்வரை விண்டோஸ் உங்கள் வைஃபையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மோடம் மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

கடைக்காரர் சொன்ன "சேர்ந்து ஓடும்" என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாக விளக்கிவிடலாம். பினாங்குத் தீவுக்குப் போக 1985-இல் திறந்த பாலம் இருக்கிறது. 2014-இல் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. அதற்காக ஒரு லாரி பாதி பாதியாகப் பிரிந்து இரண்டிலும் போகாது. இரண்டு லாரி இருந்தால் ஆளுக்கொரு பாலத்தில் விடலாம். அவ்வளவுதான்.

காரணம் இதுதான். நெட்டில் ஓர் இணைப்பு தொடங்கும்போது, இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு என்று இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொள்கின்றன. பைபருக்கு ஒரு முகவரி, 5ஜிக்கு வேறொன்று. பாதியில் வேறு முகவரியிலிருந்து தரவு வந்தால், யாரோ அந்நியர் என்று சர்வர் தள்ளிவிடும். நிஜமாகவே இரண்டையும் ஒட்ட வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்திலும் ஒத்துழைப்பு வேண்டும். ஸ்பீடிஃபை போன்ற சேவைகள் நடுவில் தங்கள் சர்வரை வைத்துக்கொண்டு அதைச் செய்கின்றன. ஒரே இணைப்பைப் பல வழிகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபி என்ற முறையும் உண்டு. ஆப்பிள் 2013-லேயே 'சிரி' என்ற குரல் உதவியாளருக்காக அதை ஐபோனில் சேர்த்தது. ஆனால் நாம் போகிற சர்வருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அலுவலக சர்வருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

நல்லவேளையாக உங்களுக்கு அந்த ஒட்டுவேலையே தேவையில்லை. இரண்டு லாரி தயாராக இருக்கிறது. வீடியோ பெரிய சுமை, அது பைபரிலேயே போகட்டும். அலுவலகத் திரைக்குக் கொஞ்சம் தரவு போதும், தடங்கல் இல்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். அதை 5ஜி பக்கம் திருப்பிவிடுவோம்.

ஆனால் படத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இரண்டு வரியிலும் கேட்வே, அதாவது தரவு வெளியே போகும் வாசலின் முகவரி, 192.168.1.1! 192.168, 10 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் மோடம் செய்கிறவர்கள் ஆளாளுக்கு அதே எண்ணைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இப்படி இருந்தால் எந்த 192.168.1.1 என்று கணினி குழம்பிப்போகும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் லேன் முகவரியை, அதாவது வீட்டுக்குள் அதற்கு இருக்கும் முகவரியை, 192.168.8.1 என்று மாற்றி, மோடத்தை அணைத்து மறுபடி போடுங்கள். இதைச் செய்யாமல் மேலே போனால் நேர விரயம்.

அப்புறம், நிறுவனத்தில் உங்கள் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் ஐபி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

route -p add 203.0.113.10 mask 255.255.255.255 192.168.8.1

இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் 5ஜி வழி என்று பொருள். மெட்ரிக் 25, 50 எதுவும் இதன்முன் நிற்காது. பொதுவான வழியைவிடக் குறிப்பாகச் சொன்ன வழிக்குத்தான் எப்போதும் முன்னுரிமை. -p போட்டால் கணினியை அணைத்து மறுபடி போட்டாலும் நிலைத்திருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க, டிரேஸ்ரூட் கட்டளையை, அதாவது விண்டோஸில் டிரேசர்ட் (tracert) என்று இருப்பதை, அந்த எண்ணோடு அடியுங்கள். முதல் வரியில் 192.168.8.1 வந்தால் சரி.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்து அலுவலகத்துக்குள் நுழைகிறவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயருக்கு ஐபிவி6 என்ற புதுவகை முகவரியும் இருந்து, உங்கள் பைபரிலும் ஐபிவி6 ஓடினால், விண்டோஸ் பெரும்பாலும் அந்த வழியையே எடுக்கும். நாம் போட்ட கட்டளை ஐபிவி4 என்ற பழைய வகைக்கு மட்டும். "எல்லாம் சரியாகச் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று புலம்புகிற பலரின் பிரச்சினை இதுதான்.

நிறுவன நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் போட்டுத்தான் வேலை என்றால், மேலே சொன்ன எண்ணுக்குப் பதில் விபிஎன் சர்வரின் எண்ணைக் கொடுங்கள். ஆனால் எல்லாத் தரவும் விபிஎன் வழியாகவே போக வேண்டும் என்று நிறுவனம் அமைத்திருந்தால், கணவரின் வீடியோவும் கூடவே 5ஜியில் ஏறிவிடும். அதை நீங்களாக மாற்றக் கூடாது, ஐடி பிரிவிடம்தான் பேச வேண்டும்.

கேபிள் செருகியிருக்கும்போது வைஃபை தானாக இணையாது, அது விண்டோஸின் பழக்கம். கையால் ஒருமுறை கிளிக் செய்தால் இணையும். இன்னொன்று: வைஃபை அறுந்தால் அலுவலகத் தரவு தானாகப் பைபருக்குத் திரும்பிவிடும். வைஃபை இருந்து 5ஜி சிக்னல் மட்டும் செத்துவிட்டால் திரும்பாது, அப்படியே நிற்கும். அப்போது மோடத்தின் வைஃபையை நீங்களே துண்டித்துவிடுங்கள்.

மோடம் வாங்கும் முன்பே கேட்டிருந்தால் வேறொன்றைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். செலவே இல்லாத வைத்தியம். இப்போதும் அதைச் செய்துவையுங்கள், மோடம் மக்கர் பண்ணும் நாளில் உதவும்.

கேள்வி: அண்ணே, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சோதனை மெஷினோடு என் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தால் வைஃபையில் இன்டர்நெட் நின்றுவிடுகிறது, வாட்ஸ்அப்கூட வராது. கேபிளைக் கழற்றினால் உடனே வருகிறது. கேபிளுக்கு 10.10.5.20 என்ற முகவரியும் 10.10.5.1 என்ற கேட்வேயும் போட்டிருக்கிறேன்.
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, அந்த கேட்வேயை அழித்துவிடுங்கள். தீர்ந்தது.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மனசு கேட்காது, ஏதாவது போட்டுவிடுவோம். ஆனால் கேட்வே என்று எழுதினாலே "உலகத்துக்குப் போகும் வழி இங்கே" என்று கணினிக்குச் சொன்ன மாதிரி. கேபிளுக்கு மெட்ரிக் குறைவு என்பதால் உங்கள் வாட்ஸ்அப் மெஷின் பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. முகவரியும் மாஸ்க் 255.255.255.0-உம் மட்டும் போதும். 10.10.5 என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் கேபிள் தானாகவே பயன்படும். பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வருக்கான கட்டத்தையும் காலியாக விடுங்கள். வேறு பிரிவில், உதாரணத்துக்கு 10.10.6-இல், இன்னொரு மெஷின் இருந்தால் அதற்கு மட்டும் மேலே பிறை வாசகிக்குச் சொன்ன மாதிரி ஒரு ரூட் வரி சேர்க்கலாம். அதில் கேட்வே 10.10.5.1.

நெட்வொர்க் அமைப்பில் "பிரிட்ஜ்" என்று ஒரு வசதி கண்ணில் படும். அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள். மெஷின் நெட்வொர்க்கும் வைஃபையும் ஒன்றாகிவிடும், பிறகு ஐடி பிரிவு உங்களைத்தான் தேடும். பல தொழிற்சாலைகளில் ஒரே லேப்டாப்பில் இரண்டு நெட்வொர்க்கை வைத்திருப்பதே விதிமீறல், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டருக்கு இரண்டு லைன் செருகும் ரூட்டர் போட்டேன். வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் வங்கிப் பக்கம் திடீர் திடீரென்று வெளியே தள்ளுகிறது.
– ஆசிரியை, ஜெலுத்தோங்

பதில்: உங்கள் ரூட்டர் ஒவ்வொரு புது இணைப்பையும் மாற்றி மாற்றி இரண்டு லைனிலும் அனுப்புகிறது டீச்சர். உள்ளே நுழைந்தது ஒரு முகவரி, அடுத்த பக்கம் கேட்டது இன்னொரு முகவரி என்று வங்கி சந்தேகப்படுகிறது. நீங்கள் வங்கி வேலை பார்க்கும் கணினி எப்போதும் முதல் லைனில்தான் போக வேண்டும் என்று ரூட்டரில் ஒரு விதி எழுதுங்கள். பாலிசி ரூட்டிங் என்ற தலைப்பில் இருக்கும். பிள்ளைகளின் டேப்லெட்டுகள் இரண்டு லைனையும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.