டென்ஸ் மெஷினை அம்மாவின் கால் புண்ணுக்கு வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வலது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் 6 வாரமாகியும் ஆறவில்லை. சுற்றிலும் சிவந்திருக்கிறது, லேசாகச் சீழும் வருகிறது. டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். முழங்கால் மூட்டு வலிக்காக வாங்கிய டென்ஸ் மெஷின் (தோலில் பேட் ஒட்டி, மின்துடிப்பால் நரம்பைத் தூண்டி வலியைக் குறைக்கும் கருவி) வீட்டில் இருக்கிறது. மின்சாரம் பாக்டீரியாவைக் கொல்லும், அழற்சியையும் குறைக்கும் என்று ஆராய்ச்சிச் செய்திகளில் படித்தேன். அந்த பேடுகளைப் புண்ணைச் சுற்றி ஒட்டிப் பார்க்கலாமா? பலன் தெரிந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், ஒட்டாதீர்கள். ஆன்டிபயாடிக்கை ஒரு வேளைகூட விட வேண்டாம். மெஷினோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். திறந்த புண், சிவந்த இடம், வீங்கிய இடம், தொற்று உள்ள இடம் இவற்றின் மேல் பேட் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கும். அம்மாவின் காலில் இந்த நான்கில் குறைந்தது மூன்று இருக்கின்றன.

ஆனால் நீங்கள் படித்தது பொய் இல்லை, அதனால்தான் இதை ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை. "மின்சாரம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, அந்த ஆராய்ச்சிகளில் ஓடும் கரன்ட் ஒன்று, புண் ஆற்றும் சிகிச்சையில் ஓடுவது வேறு, உங்கள் வீட்டு மெஷினில் ஓடுவது முற்றிலும் வேறு.

பாக்டீரியாவிலிருந்து தொடங்குகிறேன். ஆறாத புண்களில் பாக்டீரியா தனித்தனியாகத் திரிவதில்லை. கூட்டமாகச் சேர்ந்து, தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம். அதற்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் சரியாகப் போய்ச் சேராது, சேர்ந்தாலும் உள்ளே பல பாக்டீரியாக்கள் வளராமல் மந்தமாகக் கிடப்பதால் மருந்து வேலை செய்யாது. 1992-ல் பில் காஸ்டர்டனும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் படலத்தின் மேல் மெல்லிய கரன்ட்டை ஓடவிட்டுக் கிருமிநாசினி கொடுத்தால், வழக்கமாகத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த அளவிலேயே அது கொல்கிறது. பிறகு ஆன்டிபயாடிக்குகளிலும் இதே போக்கு தெரிந்தது. கவனியுங்கள், இங்கே கரன்ட் மருந்துக்குத் துணைதான். மருந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரன்ட்டை வைக்கவில்லை.

சமீபத்தில் அதிகம் பேசப்பட்டது, 2024-ல் சிகாகோ பல்கலைக்கழகமும் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவைப் பன்றித் தோலில் வளர்த்து, 1.5 வோல்ட்டை 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடி என்று 18 மணி நேரம் கொடுத்தார்கள். படலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, அதுவும் மருந்தே இல்லாமல். நல்ல செய்திதான், எனக்கும் நம்பிக்கை தந்த ஆய்வு. ஆனால் அமிலத்தன்மை உள்ள சூழலில்தான் அந்த பாக்டீரியா கரன்ட்டுக்கு மசிந்தது. ஆரோக்கியமான தோல் அமிலத்தன்மை உள்ளதுதான், நாள்பட்ட புண்ணோ காரத்தன்மையின் பக்கம் போய்விடும். அம்மாவின் புண்ணில் இருப்பது அந்த ஒரே பாக்டீரியாவாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது, சர்க்கரைப் புண்ணில் பெரும்பாலும் பல வகை கலந்திருக்கும். பன்றித் தோலிலிருந்து மனிதக் காலுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் கரன்ட் கிருமியைக் கொல்லும் பல சோதனைகளில் உண்மையில் கொல்வது மின்முனையில் நடக்கும் வேதிவினை. கரன்ட் ஒரே திசையில் ஓடும்போது ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் சேரும், ஹைட்ரஜன் பெராக்சைடும் உப்புநீரிலிருந்து குளோரின் சேர்மங்களும் உருவாகும். பாக்டீரியாவைச் சாகடிக்கும் அதே வினை தோலையும் சுட்டுவிடும். அதனால்தான் டென்ஸ் மெஷினை வடிவமைத்தவர்கள், ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு திசையில் அனுப்பும் மின்னூட்டத்தை உடனே எதிர்த்திசையில் திருப்பி எடுத்துவிடும்படி செய்தார்கள். துடிப்பின் நீளம் பெரும்பாலும் 50 முதல் 250 மைக்ரோவிநாடிதான். நரம்பைத் தூண்ட அது போதும், தோலில் வேதிவினை சேர அது போதாது. ஆக, கிருமியைக் கொல்லக்கூடிய விஷயம் எதுவோ, அது நடக்கக் கூடாது என்றே அந்த மெஷின் செய்யப்பட்டிருக்கிறது. எவ்வளவு கூட்டி வைத்தாலும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மாவின் காலுக்கு ஆகலாம். பல வருடச் சர்க்கரை, அடிப்பாதத்தில் புண் என்றாலே நரம்பு மரத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். நமக்குச் சுரீர் என்று சுட்டால் பேடைப் பிடுங்கிவிடுவோம், அவருக்கு அது தெரியாது. மிச்சம் இருக்கும் கொஞ்சம் வலி உணர்வையும் மெஷின் அமுக்கிவிட்டால், தொற்று ஆழமாக இறங்குவதைச் சொல்லும் ஒரே மணியையும் நாமே கட்டிப்போட்டது போல ஆகிவிடும். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

புண் ஆற்றுவதற்கான மின்சிகிச்சை உண்மையாகவே இருக்கிறது. நம் தோலே ஒரு சின்ன பேட்டரி மாதிரி, உள்ளுக்கும் வெளிக்கும் இடையில் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். தோல் கிழிந்ததும் அந்த இடத்தில் கரன்ட் கசியும், புதுத் தோல் செல்கள் அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு புண்ணை மூட நகரும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் உடலியல் ஆய்வாளர் எமில் டு போயா-ரேமான் தன் விரலில் இருந்த வெட்டிலிருந்து இந்தக் கரன்ட்டை அளந்திருக்கிறார். ஆறாமல் நின்றுபோன புண்ணில் இதை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சை. அதற்கு ஒரே திசையில் துடிக்கும் உயர் அழுத்தத் துடிப்பு மின்னோட்டக் கருவியைப் பயன்படுத்துவார்கள். ஆழமான படுக்கைப்புண்ணுக்கு 2019-ன் சர்வதேச வழிகாட்டுதலே இதைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு சர்க்கரைப் புண்ணுக்கும் இதற்குப் பணம் தருகிறது. ஆனால் 30 நாள் முறையான வழக்கமான சிகிச்சை செய்தும் புண் ஆறும் அறிகுறி இல்லை என்றால்தான் தரும், கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் செய்துகொண்டால் தராது. இந்த நிபந்தனை எனக்குச் சரியாகவே படுகிறது.

அழற்சி விஷயம் இன்னும் வேறு கதை. 2000-ல் கெவின் டிரேசி குழுவினர், எலிகளின் கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் குறைகிறது என்று காட்டினார்கள். மூளையிலிருந்து அந்த நரம்பு வழியே மண்ணீரல் வரை செய்தி போய், நோயெதிர்ப்பு செல்களை "கொஞ்சம் அடங்கு" என்கிறது. அந்தப் பாதையில் வந்ததுதான் 2025 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய்) அனுமதித்த கருவி. அறுவை சிகிச்சை செய்து கழுத்தில் வைப்பார்கள், தினமும் 1 நிமிடம் தூண்டும். மருந்துகள் சரிப்படாத முடக்குவாத நோயாளிகளுக்குத்தான் அது, கால் புண்ணில் பேட் ஒட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், முடக்குவாதத்தில் உடல் தன்னையே தாக்குகிறது, அதனால் அழற்சியை அடக்குவது நல்லது. அம்மாவின் காலில் சிவப்பும் சீழும் ஏன் வந்தன? கிருமியோடு சண்டை நடக்கிறது, அதனால். அந்தச் சண்டையில் உடலின் கையைக் கட்டிவிடக் கூடாது. டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்களே, அதற்கும் இதுதான் காரணம், உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் எழுந்துவிடும். சீழ் இருக்கும்போது முதலில் கிருமி போகட்டும், அழற்சி தானே இறங்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? 6 வாரம் நீண்ட காலம். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: தொற்று எலும்புவரை போயிருக்கிறதா, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? பாதத்துக்கு ரத்த ஓட்டம் போதுமா? செத்த திசுவைச் சுத்தம் செய்ய வேண்டுமா? இதெல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, அந்த இடத்தில் எடை விழாமல் நடக்க என்ன ஏற்பாடு? பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஒவ்வொரு அடியிலும் நசுங்குகிறது. எடையைக் குறைக்காமல் எந்த மருந்தும், எந்தக் கரன்ட்டும் அதை ஆற்றாது. வீட்டில் நடக்கும் பத்தடியும் இதில் சேரும்.

தொற்று முழுதாக அடங்கி, ரத்த ஓட்டமும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் 4 வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கவில்லை என்றால், அப்போது மின்சிகிச்சை பற்றிக் கேளுங்கள். புண் பராமரிப்பில் பயிற்சி உள்ள பிசியோதெரபிஸ்ட் செய்வார், பெரும்பாலும் ஒரு வேளைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், வாரத்தில் 5 நாளோ அதற்கு மேலோ. பேஸ்மேக்கர் இருந்தாலோ, அந்த இடத்தில் புற்றுநோய் இருந்தாலோ, எலும்புத் தொற்று தீராமல் இருந்தாலோ செய்ய மாட்டார்கள்.

அதற்கு முன்னால், சிவப்பு புண்ணின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் பரவினால், மேலே ஏறினால், விரல் கறுத்தால், கெட்ட வாடை வந்தால், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். காரணமே இல்லாமல் சர்க்கரை அளவு எகிறுவதையும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்கு மெஷினைத் தொடரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பேஸ்மேக்கர் இல்லை, முழங்கால் தோலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்றால் இடது முழங்காலுக்குத் தாராளமாக வைக்கலாம். வலது காலுக்குத் தொற்று தீரும்வரை நிறுத்தி வையுங்கள். அந்தப் பக்கம் வலி குறைந்தால் அம்மா எழுந்து கூடுதலாக நடப்பார், அந்த எடை முழுவதும் புண் மேல்தான் இறங்கும்.